ரஸ்ட் கம்பைலரில் கைவைப்பது எப்படி: அரியர் வைத்தவள் எழுதும் வழிகாட்டி

கல்லூரியில் கம்பைலர் டிசைன் பாடத்தில் எனக்கு அரியர். இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன், அதுவும் 52 மார்க். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் கம்பைலருக்குள், அதாவது அந்த மொழியில் எழுதிய நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளுக்குள், நான் எழுதிய சில வரிகளும் இருக்கின்றன என்று தெரிந்ததும், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வந்து நின்றான். "அக்கா, எனக்கும் பண்ணணும்னு ஆசை. பார்சிங், டைப் தியரி எல்லாம் படிச்சு முடிச்சுட்டு ஆரம்பிக்கட்டுங்களா?"

"படிச்சு முடிச்சுட்டுத்தான்னா நீ ஆரம்பிக்கவே மாட்டே" என்றேன். ரஸ்ட் கம்பைலரின் மூலநிரலில் எழுபது சொச்சம் கிரேட்டுகள் (ரஸ்ட் நிரலைப் பிரித்து வைக்கும் பொதிகள்), பல லட்சம் வரிகள். முழுவதையும் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது. பல வருடமாக அதில் வேலை செய்கிறவர்களே தங்கள் பகுதியைத் தாண்டினால் "இது எனக்குப் பழக்கமில்லாத இடம், இன்னாரைக் கேளுங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். ஆரம்பிப்பவருக்குத் தெரியவேண்டியது தேடிப் பிடிப்பது. ஒரு பிழைச்செய்தி திரையில் வந்தால், அதை அச்சடித்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் படிக்க வேண்டும். அவனுக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம்: கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ரஸ்டில் சுமாராக ஒரு சின்ன நிரல் எழுதுவீர்கள், கிட் பழக்கம் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அது இல்லையென்றால் முதலில் அந்த இரண்டும்.

இடம் பண்ணுங்கள்

கம்பைலரைக் கட்ட, அதாவது பில்ட் செய்ய, 30 ஜிபி காலி இடமும் 8 ஜிபி ராமும் வைத்துக்கொள்ளச் சொல்லி ரஸ்டின் உருவாக்குநர் வழிகாட்டியே எழுதியிருக்கிறது. அந்தப் பத்தியை நான் படிக்கவில்லை. என் லேப்டாப்பில் 14 ஜிபிதான் காலி. ராத்திரி பில்டைப் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தால் டிஸ்க் நிரம்பி, பிரவுசர்கூடத் திறக்கவில்லை. கல்யாண வீடியோக்களை வெளி டிஸ்குக்கு மாற்றிய பிறகுதான் அடுத்த முயற்சி.

விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்தினால், மூலநிரலை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். சி டிரைவில் வைத்து அங்கிருந்து கட்டினால் ஆமை வேகம்தான். பைத்தான் 3, கிட், கர்ல், ஒரு சி கம்பைலர் இவை இருந்தால் போதும்.

கிட்ஹப்பில் ரஸ்ட்-லாங் என்ற அமைப்பின் கீழ் ரஸ்ட் என்ற ரெப்போ, அதாவது மூலநிரல் களஞ்சியம். முதலில் அதை உங்கள் கணக்குக்கு ஃபோர்க் செய்துகொள்ளுங்கள். குளோன் செய்யும்போது 'ஃபில்டர் பிளாப் நன்' என்ற தேர்வைச் சேர்த்தால், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் முழுவதையும் இறக்காமல், தேவைப்படும்போது மட்டும் கொண்டுவரும். மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

அப்புறம் 'எக்ஸ் செட்டப்'. எக்ஸ் என்பது ரெப்போவின் வாசலிலேயே இருக்கும் ஸ்கிரிப்ட், எல்லா வேலைக்கும் அதுதான். செட்டப் உங்களிடம் நீங்கள் எந்தப் பகுதியில் வேலை செய்யப்போகிறீர்கள் என்று கேட்கும். கம்பைலர் என்று சொல்லுங்கள். கடைசியில் மெஷின் நிரலை உருவாக்கித் தரும் எல்எல்விஎம் என்ற பகுதியை உங்கள் மெஷினில் கட்டாமல், அவர்களே கட்டி வைத்திருப்பதை இறக்கிக்கொள்ளும்படி அது அமைத்துவிடும். எல்எல்விஎம்மை நாமே கட்டப் போனால் என் லேப்டாப்புக்கு அரை நாள் ஓடும். விஎஸ் கோட் போன்ற எடிட்டருக்கான அமைப்பையும் கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள்.

நேற்றைய தயிர்

ரஸ்ட் கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டது. அப்படியானால் அதைக் கம்பைல் செய்வது எது? வீட்டில் பால் உறை ஊற்ற நேற்றைய தயிர் ஒரு கரண்டி வேண்டுமல்லவா, அதே கதைதான். முதலாவது தயிர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ரஸ்டை உருவாக்கிய கிரேடன் ஹோர் ஆரம்பத்தில் கம்பைலரை ஓகாமல் மொழியில் எழுதினார். 2011-இல் ரஸ்டில் எழுதிய கம்பைலர் தன்னைத்தானே கட்டிக்கொண்டது. அன்றிலிருந்து உறை ஊற்றி உறை ஊற்றித்தான் ஓடுகிறது.

உங்கள் மெஷினிலும் இதுதான் நடக்கும். எக்ஸ் முதலில் ஏற்கெனவே கட்டிய பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய) கம்பைலர் ஒன்றை இறக்கும். இது ஸ்டேஜ் 0, உறைமோர். இதைக்கொண்டு உங்கள் கையிலிருக்கும் மூலநிரலைக் கட்டினால் கிடைப்பது ஸ்டேஜ் 1. அந்த ஸ்டேஜ் 1-ஐக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி கட்டினால் ஸ்டேஜ் 2. மக்களுக்கு வெளியிடுவது ஸ்டேஜ் 2 என்றாலும் நமக்கு ஸ்டேஜ் 1 போதும். உங்கள் மாற்றம் அதிலேயே வந்துவிடும். ஸ்டேஜ் 2 கட்டச் சொல்லிவிட்டு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

முதல் பில்ட் எனக்கு இரண்டரை மணி நேரம் ஓடியது. நடுவில் கரண்ட் வேறு போனது. ஆனால் அது ஒருமுறை செலவு. அதன் பிறகு அன்றாடம் தட்டுவது 'எக்ஸ் செக்'தான். இது நிரலைக் கட்டாது, டைப் எல்லாம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். நிரலை மாற்றுவது, எக்ஸ் செக், மாற்றுவது, எக்ஸ் செக். சரியாக வந்துவிட்டது என்று தோன்றும்போது மட்டும் பில்ட்.

எந்த வேலையை எடுப்பது

ரெப்போவில் புகார்களின் எண் ஒரு லட்சத்தைத் தாண்டி ஓடுகிறது. திறந்து கிடப்பவையே பல ஆயிரம். லேபிள்களைப் பிடித்துக்கொண்டால்தான் வழி தெரியும். ஈ-ஈஸி என்றால் சுலபம் என்று யாரோ நினைத்தது. ஈ-மென்டர் என்றால் வழிகாட்ட ஆள் இருக்கிறார். ஏ-டயக்னாஸ்டிக்ஸ் என்றால் பிழைச்செய்தி சம்பந்தப்பட்டது. நான் புதியவர்களை அனுப்பிவைப்பது ஈ-நீட்ஸ்-டெஸ்ட் லேபிளுக்கு.

ஈ-ஈஸியில் ஒரு சிக்கல் உண்டு. லேபிள் ஒட்டிய மறுநாளே யாராவது எடுத்துக்கொண்டுவிடுவார்கள். பழையது மிச்சமிருந்தால் அது சுலபமில்லை என்று அர்த்தம். ஈ-நீட்ஸ்-டெஸ்ட் அப்படியில்லை. யாரோ ஒருகாலத்தில் ஒரு பிழையைப் புகார் செய்திருப்பார். வேறு ஏதோ மாற்றத்தில் அது தானாகவே சரியாகியிருக்கும். ஆனால் மறுபடி வராமலிருக்க டெஸ்ட் இல்லாததால் புகாரை மூடாமல் வைத்திருப்பார்கள். அந்த டெஸ்டை எழுதுவதுதான் வேலை. கம்பைலர் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம், ஆனால் கட்டுவது, ஓட்டுவது, அனுப்புவது, பதில் சொல்வது என்று முழுச் சுற்றும் பழகிவிடும். "வெறும் டெஸ்ட்தானே" என்று முகம் சுளிக்காதீர்கள்.

பிடித்த புகாருக்குக் கீழே ரஸ்ட்பாட் என்ற தானியங்கிக் கணக்கை அழைத்து 'கிளெய்ம்' என்று எழுதினால் அது உங்கள் பேருக்கு வந்துவிடும். எடுத்துவிட்டு முடியவில்லையென்றால் 'ரிலீஸ்-அசைன்மென்ட்' என்று எழுதி விட்டுவிடுங்கள், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிடித்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் காணாமல் போவதுதான் தப்பு.

ஒரு டெஸ்டை அருகில் பார்ப்போம்

டெஸ்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் யூஐ என்று ஒன்று இருக்கிறது. 15,000-க்கு மேற்பட்ட சின்னச் சின்ன ரஸ்ட் கோப்புகள் அதில். யூஐ என்றதும் பட்டன், ஜன்னல் என்று நினைக்க வேண்டாம். கம்பைலருக்கு முகம் என்பது அதன் பிழைச்செய்திதான். பிழை வரவேண்டிய ஒவ்வொரு ரஸ்ட் கோப்புக்கும் பக்கத்தில் அதே பெயரில் எஸ்டிடிஎர்ர் என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கும். அந்த நிரலைக் கம்பைல் செய்தால் திரையில் என்ன வரவேண்டுமோ அது அப்படியே அதில் இருக்கும். டெஸ்ட் ஓடும்போது இரண்டையும் ஒப்பிட்டு, ஓர் எழுத்து மாறினாலும் தோல்வி என்று சொல்லிவிடும்.

பிழை வரவேண்டிய வரியின் கடைசியில் இரண்டு சாய்கோடு, ஒரு டில்டே, பிறகு 'எரர்' என்று எழுதிச் செய்தியின் ஒரு பகுதியையும் எழுத வேண்டும். அதே வரியில் இடமில்லையென்றால் அடுத்த வரியில் எழுதி, டில்டேவுக்குப் பின் ஒரு மேல்நோக்கு முனையைச் சேர்த்தால் 'மேல் வரியைச் சொல்கிறேன்' என்று பொருள். இரண்டு முனை போட்டால் இரண்டு வரி மேலே. நிரல் பிழையே இல்லாமல் போகவேண்டும் என்றால் கோப்பின் தலையில் இரண்டு சாய்கோடும் ஒரு அட் குறியும் போட்டு 'செக்-பாஸ்' என்று எழுதினால் போதும், எச்சரிக்கை எதுவும் வராவிட்டால் எஸ்டிடிஎர்ர் கோப்பே தேவையில்லை.

எஸ்டிடிஎர்ர் கோப்பைக் கையால் எழுத வேண்டாம். டெஸ்டை 'பிளெஸ்' என்ற தேர்வோடு ஓட்டினால் கம்பைலர் இப்போது என்ன சொல்கிறதோ அதையே எழுதி வைத்துவிடும். ஆசீர்வாதம் பண்ணுவது என்று பெயர் வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார். யார் என்ன என்று பார்க்காமல் காலில் விழுந்தவரையெல்லாம் ஆசீர்வதிக்கும் பெரியவர் மாதிரிதான் அதுவும்.

என் முதல் டெஸ்டில் இதில்தான் மாட்டினேன். புகாரில் இருந்த நிரலில் ஒரு அசிங்க் ஃபங்ஷன். கோப்பில் ஒட்டினேன், பிளெஸ் போட்டேன், எஸ்டிடிஎர்ர் உருவானது. பிழைக்குறிப்பையும் அதைப் பார்த்தே ஒட்டிவிட்டேன். மறுபடி ஓட்டினேன், பச்சை. சந்தோஷமாக அனுப்பிவிட்டேன். மறுநாள் ரிவியூ செய்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: இந்த எஸ்டிடிஎர்ரைப் படித்துப் பார்த்தீர்களா?

படித்துப் பார்த்தேன். ரஸ்ட் 2015 எடிஷனில் (மொழி விதிகளின் பதிப்பு) அசிங்க் ஃபங்ஷன் எழுத அனுமதியில்லை என்று அதில் இருந்தது. நான் பாதுகாக்க வந்த பிழைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கார்கோ என்ற ரஸ்டின் திட்டக் கருவியில் புதிய திட்டம் ஆரம்பித்தால் புதிய எடிஷன் தானாக வந்துவிடும். ஆனால் டெஸ்ட் ஓட்டுவது கம்பைலரை நேரடியாக அழைக்கிறது, எடிஷன் சொல்லாவிட்டால் 2015 என்றே எடுத்துக்கொண்டது. தலையில் 'எடிஷன் 2021' என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. பிளெஸ் போட்டால் உருவான கோப்பை வாய்விட்டுப் படிப்பது என்ற பழக்கம் அன்று வந்தது, இன்றுவரை விடவில்லை.

எஸ்டிடிஎர்ரைத் திறந்தால் சில விநோதங்கள் தெரியும். ஃபோல்டர் பாதை இருக்கவேண்டிய இடத்தில் டாலர் குறியோடு 'டிர்' என்று இருக்கும். ஓரத்து வரி எண்களுக்குப் பதில் 'எல்எல்' என்று இருக்கும். உங்கள் வீட்டு ஃபோல்டர் பெயர் ஊருக்கெல்லாம் பொதுவாக இருக்காதல்லவா, வரி எண்ணும் கோப்பில் ஒரு வரி சேர்த்தாலே நகர்ந்துவிடும், அதற்காக. ஆனால் கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் வரும் வரி, நெடுவரிசை எண்கள் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே டெஸ்டின் தலையில் எழுதவேண்டிய விளக்கத்தை, அதாவது இது எந்தப் புகாருக்கான டெஸ்ட், எதைக் காக்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டு, பிறகு பிளெஸ் போடுங்கள். பின்னால் சேர்த்தால் எல்லா எண்ணும் நகர்ந்து மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. பிளெஸ்ஸை யூஐ ஃபோல்டர் முழுவதற்கும் போடாதீர்கள். உங்கள் கோப்பின் பாதையை மட்டும் கொடுங்கள்.

பிழைச்செய்தி பிறந்த இடம்

இரண்டு மூன்று டெஸ்ட் உள்ளே போய்விட்டால் கம்பைலர் நிரலில் கைவைக்கத் தோன்றும். பிழைச்செய்தியில் ஆரம்பியுங்கள். ஒரு செய்தி குழப்பமாக இருக்கிறது, அல்லது 'இப்படி மாற்றிப் பாருங்கள்' என்று அது சொல்லும் யோசனை தப்பாக இருக்கிறது என்று புகார்கள் நிறைய உண்டு. பயனர்கள் உடனே உணர்கிற மாற்றமும் அதுதான்.

செய்தியை அப்படியே தேடினால் கிடைக்காது. நடுவில் மாறியின் பெயரோ டைப்பின் பெயரோ செருகப்பட்டிருக்கும். மாறாத துண்டை மட்டும் எடுத்து, கோப்புகளுக்குள் தேடும் ரிப்கிரெப் என்ற கருவியில் தேட வேண்டும். அதுவும் கைகொடுக்கவில்லையென்றால் தினமும் வெளியாகும் நைட்லி கம்பைலருக்கு 'இசட் டிராக்-டயக்னாஸ்டிக்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. போட்டால் ஒவ்வொரு பிழைக்குக் கீழேயும் அது உருவான கோப்பு, வரி எண், நெடுவரிசை எண் மூன்றையும் அச்சடித்துவிடும். இதை முதலில் பார்த்த அன்று எனக்கு ஏதோ கள்ளச்சாவி கிடைத்த மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்க வேலையை விட்டுவிட்டு, வேண்டுமென்றே தப்பு தப்பாக நிரல் எழுதி, எந்தச் செய்தி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் போய்ப் பார்த்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். ரஸ்ட் 1.53 பதிப்பிலிருந்து, அதாவது 2021 ஜூனிலிருந்து, மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். 'விலை' என்று ஒரு மாறி வைத்துவிட்டு அடுத்த வரியில் 'விலே' என்று எழுதினேன். ஈ0425 என்ற பிழை வந்தது. அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை, இதைப்போன்ற பெயரில் ஒரு மாறி இருக்கிறது, 'விலை' என்று காட்டியது. சாவியைப் போட்டேன். ரஸ்ட்சி-ரிசால்வ் என்ற கிரேட்டுக்குக் கூட்டிப்போனது. அங்கிருந்து அழைப்புகளைத் தொடர்ந்து போனால், ரஸ்ட்சி-ஸ்பேன் கிரேட்டில் எடிட் டிஸ்டன்ஸ் என்ற சின்னக் கோப்பு.

ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று அது எண்ணுகிறது. எவ்வளவு வித்தியாசம் வரை 'ஒத்த பெயர்' என்று ஏற்பது? பெயரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நீளம் மூன்றுக்குக் குறைந்தால் மூன்று என்றே வைத்துக்கொள்கிறது. 'விலை'க்கு யூனிகோடில் நான்கு குறிகள்: வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. நான்கில் மூன்றில் ஒரு பங்கு, பின்னத்தை விட்டால் ஒன்று. 'விலே'யில் கடைசிக் குறி மட்டும்தான் வேறு, ஆகவே ஏற்றுக்கொண்டது.

அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்: தூரத்தை எழுத்துகளாக (இங்கே யூனிகோடு குறிகளாக) எண்ணுகிறோம், ஆகவே நீளத்தையும் எழுத்துகளாகத்தான் எண்ண வேண்டும், பைட்டுகளாக அல்ல. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றே. நமக்கு அப்படியில்லை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பைட்டை எண்ணியிருந்தால் 'விலை'யின் நீளம் 12, வரம்பு நான்கு. அப்போது மூன்று மாற்றத்தில் 'வரி'யாகவும் ஆக்கிவிடலாம் என்பதால், 'வரி' என்ற மாறி மட்டும் இருக்கும் இடத்தில் 'விலே' என்று எழுதினாலும் 'வரியைச் சொல்கிறீர்களா' என்று கேட்கக்கூடிய நிலை வந்திருக்கும். ஒரு வரி நிரல், ஒரு குறிப்பு. கம்பைலர் தியரி ஏதும் இல்லாமலே முழுவதையும் புரிந்துகொள்ள முடிந்ததல்லவா?

அதே கோப்பில் இன்னொரு தந்திரமும் உண்டு. அடிக்கோட்டால் பிரித்து, துண்டுகளை அகரவரிசையில் அடுக்கியும் ஒப்பிடுகிறது. 'மொத்த_விலை' என்பதை 'விலை_மொத்த' என்று மாற்றி எழுதினாலும் கண்டுபிடித்துவிடும். பில்லிங் மென்பொருளில் இப்படித் தடுமாறி நான் எத்தனை மணி நேரம் போக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

தமிழ்ப் பெயர்களோடு விளையாடும்போது பிழையைச் சுட்டும் குறிகள் சரியான எழுத்துக்குக் கீழே நிற்காமல் தள்ளி நிற்கலாம். உடனே புகார் எழுதப் போகாதீர்கள். வேறு இரண்டு டெர்மினலில் திறந்து பாருங்கள், ஒவ்வொன்றும் தமிழை ஒவ்வோர் அகலத்தில் வரையும்.

கம்பைலரே மூச்சுத் திணறி விழுவது வேறு கதை. இன்டர்னல் கம்பைலர் எரர், சுருக்கி எல்லாரும் ஐஸ் என்கிறார்கள். அதற்கென்று டெஸ்ட்ஸ் ஃபோல்டரில் கிராஷஸ் என்று ஒரு தனி அறை இருக்கிறது. இன்னும் சரிசெய்யாத ஐஸ்கள் அங்கே கிடக்கின்றன. அங்கே ஒரு கோப்பு விழாமல் ஓடினால்தான் டெஸ்ட் தோல்வி. நீங்கள் வேறெதையோ சரிசெய்யப் போய் அங்கே ஒன்று தோற்றால் சந்தோஷப்படுங்கள். அதற்கு ஒழுங்கான பெயர் வைத்து யூஐ ஃபோல்டருக்கு மாற்றச் சொல்லி டெஸ்டே செய்தி காட்டும்.

அனுப்புவதற்கு முன்

'எக்ஸ் டெஸ்ட் டைடி' என்று ஒருமுறை ஓட்டுங்கள். டைடி வீட்டுக்கு வந்த மாமியார் மாதிரி. வரி 100 எழுத்தைத் தாண்டினால், வரிக்கடைசியில் வெற்றிடம் விட்டால், டெஸ்ட் கோப்புக்கு வெறும் புகார் எண்ணைப் பெயராக வைத்தால் எல்லாவற்றுக்கும் சொல்லிக்காட்டும். 'டூடூ' என்று குறிப்பு எழுதினால்கூட விடாது. அது அனுப்புவதற்கு முன் நீங்களே முடிக்கவேண்டிய வேலை என்று அவர்கள் கணக்கு. நிரலில் நிற்கவேண்டிய குறிப்பென்றால் 'ஃபிக்ஸ்மீ'.

கிட் ஆட் போடும்போது புள்ளி வைத்து எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். ரெப்போவுக்குள் வேறு ரெப்போக்கள் சப்மாடியூலாக இருக்கின்றன. உங்களுக்குத் தெரியாமலே அவற்றின் பதிப்பு மாறியிருக்கும், அதுவும் கமிட்டில் ஏறிவிடும். முதலில் கிட் ஸ்டேட்டஸ், அப்புறம் கோப்பின் பெயரைச் சொல்லிச் சேர்ப்பது.

மேல் ரெப்போ நகர்ந்துவிட்டால் மெர்ஜ் செய்யாமல் ரீபேஸ் செய்யுங்கள். மெர்ஜ் கமிட்டை ஏற்க மாட்டார்கள். புகார் எண்ணைக் கமிட் செய்தியில் எழுதாமல், புல் ரிக்வெஸ்ட்டின் (மாற்றத்தை ஏற்கக் கோரி அனுப்புவது) விளக்கத்தில் 'ஃபிக்ஸஸ்' என்று போட்டு எழுதினால், உள்ளே போகும்போது புகார் தானாக மூடும்.

விளக்கம் எழுதும்போது ஆங்கிலம்தான் பலருக்குத் தடை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் விளக்கத்தை எட்டு தடவை அழித்து எழுதினேன். அங்கே இலக்கணம் பார்க்கிறவர் யாருமில்லை. முன்பு என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கிறது, எந்த டெஸ்ட் அதைக் காட்டுகிறது. மூன்று வாக்கியம். ஏஐ எழுதிக் கொடுத்த நீளமான பத்திகளை ஒட்டினால்தான் எரிச்சலாவார்கள். அடுத்த கேள்வி வரும்போது பதில் சொல்லவேண்டியது நீங்கள்தானே.

ரஸ்டில் காப்புரிமை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் அனுப்புவது எம்ஐடி, அப்பாச்சி 2.0 என்ற இரண்டு உரிமங்களின் கீழும் போகும். ஆனால் உங்கள் வேலைக்கான ஒப்பந்தத்தில் 'பணியாளர் எழுதும் நிரல் எல்லாம் நிறுவனத்துக்கே' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் எங்கள் முதலாளியிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல், மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்திருக்கிறேன்.

அனுப்பிய பின்

அனுப்பியதும் ரஸ்ட்பாட் ஒரு ரிவியூவரை நியமிக்கும். 'எஸ்-வெயிட்டிங்-ஆன்-ரிவியூ' என்று லேபிள் ஒட்டினால் பந்து அவர் பக்கம். அவர் திருத்தம் கேட்டால் 'ஆன்-ஆத்தர்' ஆகும், பந்து நம் பக்கம். திருத்திவிட்டு ரஸ்ட்பாட்டிடம் 'ரெடி' என்று சொன்னால்தான் பந்து திரும்பிப் போகும். இதைத் தெரியாமல் நான் திருத்தத்தைப் போட்டுவிட்டு பத்து நாள் பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

பலரும் சொந்த நேரத்தில் செய்கிறார்கள். சில நாள் ஆகும், சில வாரமும் ஆகலாம். இரண்டு வாரம் போனால் மரியாதையாக ஒரு வரி நினைவூட்டலாம். நடுவில் சிக்கிக்கொண்டால் ஜூலிப் அரட்டையில் டி-கம்பைலர் ஹெல்ப் என்ற பகுதி இருக்கிறது. என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று இரண்டையும் ஒட்டிக் கேளுங்கள். அப்படிக் கேட்டவரை அங்கே ஒருவரும் விரட்டி நான் பார்த்ததில்லை.

ரிவியூவர் சம்மதித்தால் பார்ஸ் என்ற இன்னொரு தானியங்கியிடம் 'ஆர் பிளஸ்' என்று எழுதுவார். அதோடு முடியவில்லை. நீங்கள் அனுப்பியபோது ஓடியது சில சோதனைகள் மட்டும். உள்ளே எடுக்குமுன் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று முழுவதும் ஓடும், சில மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓட்டினால் கட்டுப்படியாகாது என்பதால் சின்ன மாற்றங்களைச் சேர்த்து ரோல்அப் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். மூட்டையில் ஒன்று உடைந்தாலும் மொத்த மூட்டையும் உள்ளே போகாது. உங்களுடையது உடையாவிட்டாலும்தான். பதற வேண்டாம், மறுபடி கட்டுவார்கள்.

உள்ளே போன மாற்றம் பெரும்பாலும் மறுநாள் நைட்லியில் வந்துவிடும். பீட்டாவைத் தாண்டி, எல்லாரும் பயன்படுத்தும் ஸ்டேபிளுக்கு வர ஆறு முதல் பன்னிரண்டு வாரம், ஏனென்றால் ஆறு வாரத்துக்கு ஒரு வெளியீடு. பங்களித்தவர் பட்டியலைப் போடும் தேங்க்ஸ் பக்கத்தில் உங்கள் பெயரும் வரும். கிட்டில் பெயரை எப்படி எழுதினீர்களோ அப்படியேதான் வரும் என்பதால், கமிட் போடுமுன் இன்ஷியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது இரண்டு விதமாக இருந்து, ஒருவரின் பல பெயர்களை இணைக்கும் மெயில்மேப் கோப்பில் சேர்த்துத் திருத்த வேண்டியதாயிற்று.

தம்பி போன வாரம் ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பினான். ஆர் பிளஸ் கிடைத்து, இன்னும் எட்டு மாற்றங்களோடு ரோல்அப்பில் ஏறியிருக்கிறது; சோதனை முடியும்வரை பக்கத்தில் மஞ்சள் புள்ளிதான். மத்தியானம் டீக்கடையில் நிற்கும்போதும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறான்.

"அக்கா, மஞ்சப் புள்ளி இன்னும் சுத்திக்கிட்டே இருக்குங்க."

"சுத்தட்டும். டீயைக் குடி."